அறிவிப்பாளர் யார்?

 

ஆய்வுப் பட்டத்திற்குப் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று முதலில் நாடுவது நூலகத்தை அன்று. கைப்பேசியில் விரியும் விக்கிப்பீடியாவைத்தான். அதனை ஆய்வேட்டில் ஆதாரமாகக் காட்டலாமா என்று பெற்றோரும் வினவுகின்றனர்.

விடை காணும் முறையை நம் முன்னோர் என்றோ வகுத்துத் தந்துவிட்டனர். தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. ஹதீஸ் கலை இமாம்களோ நல்லவர் சொன்ன செய்தியையும் துருவினர். சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது? இஸ்னாத் எனப்படும் இத்தொடர் அறுந்தால் செய்தி எவ்வளவு அழகாயினும் வலுவிழந்தது.

2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம், திருத்தலாம். எழுதுவோரிற் பலர் புனைபெயரினர். அதற்காக அதனை முற்றும் இகழ்வதும் நீதியன்று. 2005இல் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் தலைப்புகளைப் பிரிட்டானிக்காவுடன் ஒப்பிட்டபோது, தலைப்பொன்றுக்கு இதில் ஏறத்தாழ 4 பிழைகளும் அதில் 3 பிழைகளும் காணப்பட்டன. பிரிட்டானிக்கா அம்முடிவை மறுத்தது வேறு செய்தி.

பிழையைவிட அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. கோட்டி என்னும் தென் அமெரிக்க விலங்கைப் பற்றிய கட்டுரையில், 'பிரேசில் ஆர்டுவார்க்' என்றும் அதற்குப் பெயருண்டு என 2008இல் ஓர் அமெரிக்க மாணவர் வேடிக்கையாகச் சேர்த்துவிட்டார். அவரே புனைந்த பெயர் அது! பிரிட்டிஷ் நாளேடுகள் அதனை எடுத்தாண்டன. பல்கலைக்கழகப் பதிப்பக நூலிலும் அது ஏறியது. பின்னர் நாளேட்டுச் செய்தியே அக்கட்டுரைக்கு அடிக்குறிப்பாயிற்று! மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சான்றுகள் பல. தொடரைப் பற்றிச் சென்றால் அனைத்தும் ஒரே ராவியிடம் முடிகின்றன. அவரோ விளையாட்டுப் பிள்ளை.

கவனிப்போர் குறைந்த துறைகளில் ஆபத்து மிகுதி. இடைக்கால ரஷ்ய வரலாறென்று ஒரே பயனர் பத்தாண்டுகளாகப் புனைந்த இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் சீன விக்கிப்பீடியாவில் 2022இல்தான் அம்பலமாயின. காயல்பட்டினம், கீழக்கரை வரலாற்றை ஆராயும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே கட்டுரையைப் படியுங்கள். அதனை ஆதாரமாக எழுதாதீர்கள். அடிக்குறிப்பு சுட்டும் நூலைத் தேடியெடுத்து, அந்தப் பக்கத்தில் அச்செய்தி உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுரையின் 'வரலாறு' பகுதியில் ஒவ்வொரு திருத்தமும் எந்நாளில் புகுந்ததென்பது பதிவாகியிருக்கும். வாக்கியம் முந்தி, சான்று நூல் பிந்தியதாயின் ஐயுறுங்கள். மதுரைக்கு இப்னு பதூதா வந்ததை எழுதுகிறவர் அவருடைய பயண நூலின் மொழிபெயர்ப்பையே திறக்க வேண்டும். அச்சிட்ட கலைக்களஞ்சியத்திற்கும் இதே விதிதான்.

ஊரில் நூல் கிடைக்கவில்லையெனச் சோர வேண்டா. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் சட்டப்படி வந்து சேரும் நூலகங்களுள் சென்னைக் கன்னிமாராவும் ஒன்று. பழந்தமிழ் அச்சு நூல்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. விடுமுறையில் மகளையோ மகனையோ ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.