காவல் இழந்த பருத்தி
மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தி விதையை எல்லாக் காய்ப்புழுக்களுக்கும் காவல் என்று சொல்லி விற்பதை அரசு இனியும் அனுமதிக்கக் கூடாது. பச்சைக் காய்ப்புழுவை அது இன்றும் பெருமளவு அடக்குகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், 2002-ல் வந்த முதல் மரபணுவை குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு மீறிவிட்டதை 2010-ல் விதை நிறுவனமான மான்சான்டோவே ஒப்புக்கொண்டது. 2006-ல் சேர்த்த இரண்டாவது மரபணுவும் அந்தப் புழுவிடம் சில ஆண்டுகளில் வலுவிழந்தது. புழுக்களிடம் எதிர்ப்புத்திறன் பரவாதிருக்க, வயலைச் சுற்றி விதைக்கச் சாதா பருத்தி விதை தனிப் பொட்டலமாகத் தரப்பட்டது. கையகல நிலத்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட்டுக்கொடுக்க எந்தச் சிறு விவசாயியால் முடியும்? எதிர்ப்புத்திறன் பரவிய பழியை அவர் தலையில் கட்டுவது அநியாயம். இதழ் விரியாமல் சுருண்ட பூவைக் காணும்போதே உள்ளே புழு இருக்கும். காய்க்குள் புகுந்துவிட்டால் தெளிக்கும் மருந்து எட்டாது. எனவே, 'இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைத் தாங்காது' என்று விதைப் பொட்டலத்தில் தமிழில் கொட்டை எழுத்தில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். தொடர்ந்து மூன்று இரவு, இரவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றில் 8 அந்துப்பூச்சி விழுந்தால் மருந்தடிக்கலாம் என்பது பரிந்துரை. பொறியே கைக்கு வராதவர் எதை எண்ணுவார்? திருவண்ணாமலை மாவட்டத்தின் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் கூடும் விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டம் விதைப்புக்கு முன்பே இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, இனக்கவர்ச்சிப் பொறிகளும் குறுகிய கால ரகங்களும் வேளாண் விரிவாக்க மையங்களில் இருப்பில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.