அழைப்பவர் சிறுவராகட்டும்

ஜப்பானின் அகிதா மாநிலத்திலுள்ள சிறு நகரம் யோக்கோத்தே. கடும்பனிக்குப் பெயர்போன அவ்வூரில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கமக்குரா விழா நடைபெறுகிறது. பனிக்குடில்களுக்குள் நீர்த் தெய்வத்தை வணங்குகிறார்கள். உள்ளே அமர்ந்திருக்கும் சிறுவர்கள், வழியே செல்வோரைத் தங்கள் வட்டார வழக்கிலேயே அழைத்து, சுட்ட மோச்சியும் அமசாக்கே எனும் இனிப்புப் பானமும் தந்து உபசரிக்கிறார்கள்.

நம் பொங்கல் விழாக்களிலோ? தமிழ்ப்பள்ளியில் படித்தபோது பானைக்கருகே நின்றேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் எனக்குக் கிடைத்தவை நாற்காலியும் நீண்ட உரைகளும்தான். பேச வேலை இருந்தால்தான் மொழி நாவில் தங்கும். நம் சங்கத்தின் அடுத்த பொங்கலில் வரவேற்பையும் பரிமாறலையும் இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகளிடம் ஒப்படைப்போம். 'வாங்க, சாப்பிடுங்க' என்று அவர்கள் தமிழில் அழைக்கட்டும்!