'ஹிற்' என்னும் சொல்லும் நமது அடியும்

ஆங்கிலத்தில் 'ஹிற்' என்பது சின்னஞ்சிறு சொல். அதற்குப் பொருள் 'அடி' எனப் பாலர் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். அவ்வளவில் நின்றுவிடுதலே பின்னர் இடராய் முடிகின்றது.

அச்சொல் ஆங்கிலேயரின் பழஞ்சொல்லன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கீழ்ப்பாகத்திற் குடியேறிய வடபுலத்துக் கடலோடிகளின் மொழியிலிருந்து வந்தது. அவர்க்கு 'ஹித்தா' என்றால் எதிர்ப்படுதல், கண்டடைதல். சுவீடன் நாட்டார் தொலைந்த பொருளைக் கண்டெடுத்தலை இன்றும் அச்சொல்லாலேயே குறிப்பர். எறிந்த கல் இலக்கைக் கண்டடைந்த இடத்திலேதான் அடித்தல் என்ற பொருள் பிறந்திருத்தல் வேண்டும். முன்னிருந்த 'சிலே' என்னும் சொல்லோ அடித்தலை இழந்து, கொல்லுதலை மாத்திரம் குறிப்பதாய் ஒடுங்கிற்று. விருந்தாய் வந்தவன் வீட்டையே பிடித்துக்கொண்டான்!

நமது அடியின் கதை வேறு. பாதமும் அடி, செய்யுளின் வரியும் அடி. இவற்றையும் அடித்தலையும் ஒரே வேரினவென மயங்குவோர் உளர். பரோ, எமனோ என்னும் அறிஞரிருவர் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி அவற்றை வேறு வேறாகவே வைத்துள்ளது. அடித்தலென்னும் வினை நம் வயல்வெளியிற் பரந்து நிற்பதைப் பாருங்கள். மாடுகள் சுற்றிச்சுற்றி மிதித்து நெல்லுதிர்த்த காலத்தும் அதனைச் சூடடித்தல் என்றோம். ஓங்கிய கையுமில்லை, வீழ்ந்த கோலுமில்லை. மணி அடிக்கின்றது, காற்று அடிக்கின்றது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கின்றோம். கூத்துக்களரியில் அண்ணாவியார் மத்தளம் அடிக்கையில் அங்கே பகையேது?

இத்துணை வளமிருக்க, ஆங்கிலச் செய்தியில் 'ஹிற்' வருமிடமெல்லாம் 'தாக்கியது' என்றெழுதும் வழக்கம் பரவிவிட்டது. விலையேற்றம் தாக்கியதாம், வறட்சி தாக்கியதாம், வெள்ளம் கிரானைத் தாக்கியதாம். பயிரைப் பூச்சி தாக்கியதென்பது இருக்கட்டும். அது தின்னவே வந்தது. வெள்ளத்துக்கு நம்மோடு என்ன வழக்கு? பெருமழையிற் புலிபாய்ந்தகல் வீதி மூழ்கிப் படுவான்கரை மக்கள் தோணியேறிக் கிரானுக்கு வரும் நாளிலும், 'வெள்ளம் வந்து பாதை மூடிவிட்டது' என்பார்களேயன்றி வேறு சொல்லார். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சிதைத்ததையும் 'சூறாவளி அடித்தது' என்றே முதியோர் நினைவுகூர்வர். அதனினும் வலிய சொல்லை அவர்கள் தேடவில்லை.

2009 வரை போரைக் கண்ட மண் இது. 'தாக்குதல்' என்ற சொல் இங்கே எத்தனை வீடுகளில் என்ன பொருள் தரும் என்பதை நான் விரித்தல் வேண்டா. அதனை மழைக்கும் விலைவாசிக்கும் செலவிடுதல் தகாது.

ஆகவே, மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம்: மாணவன் அகராதியைத் திறக்குமுன், 'இதனை உன் வீட்டில் அம்மம்மா எப்படிச் சொல்லுவா?' என்று கேளுங்கள். அவ்விடையை முதலிற் கரும்பலகையில் எழுதுங்கள்.