சோற்றைப் பகைக்காமல் எடை குறைப்போம்





நம் தஞ்சைப் பகுதி மஹல்லாக்களில் அண்மைக் காலமாக ஒரு வாசகம் அடிக்கடி காதில் விழுகிறது. "நான் சோற்றை விட்டுவிட்டேன்" என்கிறார்கள். சிகரெட்டை விட்டுவிட்டேன், வட்டியை விட்டுவிட்டேன் என்று சொல்லும் அதே தொனி. குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லைக் கொண்டே காலத்தை அளந்த மண் இது. இங்கே சோறு ஒரு பாவச் செயலைப் போலப் பேசப்படுவதைக் கேட்கும்போது சற்று உறுத்தவே செய்கிறது.

எடையைக் குறைக்க நினைப்போரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. கவலைக்குக் காரணம் இருக்கிறது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை உள்ளவர்கள். ஆண்களில் 37 விழுக்காட்டினர். அதற்கு முந்தைய ஆய்வில் இவை முறையே 30.9, 28.2 ஆக இருந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நீரிழிவு ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறுகிறது. சென்னையில் நடந்த மற்றோர் ஆய்வில், மக்கள் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே, அதிலும் பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்தே வருவது தெரிந்தது. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேண வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை.

என் கேள்வி வழியைப் பற்றியது. ஒரே நாளில் சோற்றை ஒழிப்பது, ஒரு வேளை மட்டும் உண்பது, முகநூல் குழுவில் பார்த்த பட்டியலைச் சமையற்கட்டில் ஒட்டி வைத்துக்கொள்வது ஆகிய கடும் பத்தியங்கள் எத்தனை வீடுகளில் ஆறு மாதம் தாண்டி நிலைத்திருக்கின்றன? நிக்காஹ் தேதி குறித்ததும் பட்டினி கிடந்து மெலிந்த மணப்பெண் அடுத்த ஆண்டில் முன்னைவிடப் பருத்திருப்பதை நாம் பார்க்கவில்லையா? அவளுடைய மன உறுதியைப் பழிப்பது எளிது. ஆனால் உடலின் இயற்கையே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். அனைவரும் தாமாக முன்வந்தவர்கள், உடல்நலம் மிக்கவர்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவே வழங்கப்பட்டது. நாளடைவில் அவர்களுக்கு வேறு நினைவே இல்லாமல் போயிற்று. சிலர் சமையல் புத்தகங்களை விரும்பிப் படித்தார்கள். சோதனை முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்தபோது வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் உண்டார்கள். 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வு, தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. ஆனால் ஓய்வு நிலையில் அவர்களுடைய உடல் செலவிடும் ஆற்றல் மட்டும் குறைந்த நிலையிலேயே நின்றுவிட்டிருந்தது. பட்டினியைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு உடல் சிக்கனம் பிடிக்கிறது.

மார்க்கத்தின் பார்வையும் இதற்கு முரணன்று. இறைவன் அனுமதித்த நல்லவற்றைத் தாமாகவே தடைசெய்து கொள்வதைத் திருக்குர்ஆன் 5:87 கண்டிக்கிறது. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தை 7:31 தருகிறது. உண்பதற்கான ஏவல் முதலில் வந்து, எல்லை பின்னர் வருவதைக் கவனிக்க வேண்டும். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களை ஸல்மான் (ரலி) அவர்கள் உண்ண வைத்தார்கள், உறங்க வைத்தார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமை உண்டு என்றார்கள். ஸல்மான் கூறியது உண்மையே என நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்திய செய்தி புகாரியில் இருக்கிறது. வணக்கத்திலேயே அளவு மீறுதல் கூடாதென்றால், எடை குறைப்பில் மட்டும் எப்படிக் கூடும்?

அப்படியானால் வழி என்ன? இன்று உலகம் 'கவனத்தோடு உண்ணுதல்' என்று ஒன்றைப் பேசுகிறது. 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் மனஅழுத்தக் குறைப்புப் பயிற்சியைத் தொடங்கிய ஜான் கபாட்-ஜின், ஒரே ஓர் உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று உண்ணச் சொன்னது இதன் புகழ்பெற்ற பாடம். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழத்தை விரலிடையில் பிடித்துக்கொண்டு பாங்கோசைக்குக் காத்திருக்கும் நமக்கு இதில் விந்தை ஏதும் இல்லை. 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சுமார் 20 நிமிடங்கள் பிடிக்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். நாமோ கைப்பேசியைப் பார்த்தபடி ஏழு நிமிடத்தில் தட்டைக் காலி செய்து எழுந்து விடுகிறோம். பிஸ்மில்லாஹ் சொன்னது நினைவில் இருக்கிறதா என்பதே ஐயம்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியை நம் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். மிக்தாம் பின் மஃதீகரிப் (ரலி) அறிவித்து திர்மிதியில் பதிவான அந்த ஹதீஸின் முற்பகுதியை மட்டும் நாம் வசதியாக விட்டுவிடுகிறோம். முதுகை நிமிர்த்தி நிறுத்தும் அளவுக்குச் சில கவளங்களே மனிதனுக்குப் போதும் என்பதே அங்கே முதலில் வரும் செய்தி. அது முடியாதவருக்குத்தான் மூன்றில் ஒரு பங்கு. நாம் இலக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் உச்ச வரம்பு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் இதற்கு ஒரு கணக்கே போட்டிருக்கிறார்கள். அதிகம் உண்டு பழகியவர் திடீரென்று குறைத்தால் உடல் தாங்காது, படிப்படியாகவே குறைக்க வேண்டும் என்பது அவர்கள் அறிவுரை. இரண்டு ரொட்டி உண்பவர் ஒன்றுக்கு வர விரும்பினால், ஒரு ரொட்டியை 28 அல்லது 30 பங்காக எண்ணி, நாளுக்கு ஒரு பங்கு குறைத்து வந்தால், ஒரு மாதத்தில் துன்பமில்லாமல் அந்த நிலையை அடைந்து விடலாம் என்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் அறிஞரின் சொல் இது. நான்கு கரண்டி சோறு உண்பவர் நாளைக்கே ஒரு கரண்டிக்குத் தாவ வேண்டாம். நாளுக்கு ஒரு சிறு கவளம் குறையட்டும். அந்த இடத்தில் கீரையோ, அவரைக்காயோ, மீனோ வரட்டும். இரண்டு மூன்று மாதங்களில் இரண்டு கரண்டிக்கு வந்துவிடலாம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

நம் உண்ணும் முறையிலேயே நல்ல ஏற்பாடுகள் இருந்தன. அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் விருந்துகளில் சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்பார்கள். உமர் பின் அபீ ஸலமா (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய கை தட்டெங்கும் அலைந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தமக்கு முன்னால் இருப்பதை உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். சஹனில் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஓர் எல்லை இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் வேகத்துக்குத் தக நம் வேகமும் தணிகிறது. ஆனால் அந்த எல்லையை இன்று நாமே அழித்துவிட்டோம். சஹன் காலியாகும் முன்பே அடுத்த வாளி வருகிறது. வேண்டாம் என்று தடுக்கும் கையை விலக்கிவிட்டு நெய்ச்சோற்றைக் கொட்டுவதை அன்பு என்கிறோம். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது சுன்னத். போதும் என்ற அவருடைய சொல்லை மதிப்பதும் அந்தக் கண்ணியத்தில் அடங்காதா?

தாய்மார்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கணவர் வளைகுடாவில் இருக்க, பிள்ளைகளுக்குத் தனியே ஊட்டிவிட்டு, அவர்கள் மிச்சம் வைத்த அரைத் தோசையையும் இரண்டு கவளச் சோற்றையும் வழித்து உண்ணும் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்! கேட்டால், "வீண்விரயம் பாவமாயிற்றே ஹஜ்ரத்" என்கிறார்கள். அந்த அச்சம் பாராட்டுக்குரியது. ஆனால் பசியில்லாத வயிற்றில் போடுவதும் விரயமே. விரயத்தை நிறுத்த வேண்டிய இடம் பரிமாறும் கரண்டி. பிள்ளைக்குப் பாதி வையுங்கள். கேட்டால் மறுபடி வையுங்கள். மிஞ்சியது சட்டியிலேயே இருந்தால் இரவுக்கு ஆகும். இந்தப் பெண்களுக்குத் தாம் எப்போது உண்டோம் என்ற நினைவே இருப்பதில்லை. உட்கார்ந்து, தனக்கென்று ஒரு தட்டு வைத்து, ஒரு வேளையாவது முழுதாக உண்ணுங்கள் என்றே அவர்களிடம் கூறுவேன். பத்தியப் பட்டியலைவிட அது அவர்களுக்கு அதிகம் உதவும்.

வயலின் கதையும் இதில் சேர்கிறது. நம் பாட்டனார் உண்ட சோற்றுக் குவியல் நம்முடையதைவிடப் பெரிது. ஆனால் அவர் நாற்றுப் பறித்தார், கட்டுச் சுமந்தார், சந்தைக்கு நடந்தார். இன்று நடவுக்கும் இயந்திரம், அறுவடைக்கும் இயந்திரம், பள்ளிவாசலுக்கு இருசக்கர வாகனம். குவியல் மட்டும் மாறவில்லை. அரிசியும் மாறியது. தவிட்டையும் முளையையும் முழுக்க நீக்கிப் பளபளவென்று தீட்டியதையே நாம் நல்ல அரிசி என்கிறோம். திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற மரபு நெல் வகைகளை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமன் 2018-இல் மறைந்தார். அந்த அரிசியை அதிகம் தீட்டாமல் சமைத்தால் மென்று உண்ண நேரம் பிடிக்கும். விழுங்க இயலாத உணவே பாதி ஆசிரியர்.

ரமலானைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. நோன்புக் கஞ்சி ஒரு குவளை, பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு மஃரிப். தொழுதுவிட்டு வந்து பசி இருக்கிறதா என்று வயிற்றைக் கேட்டுப் பாருங்கள். வாடாவும் சமோசாவும் எங்கும் ஓடிவிடாது.

இம்முறையால் எடை மளமளவென்று இறங்கும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். மிதமிஞ்சி உண்பதும், கவலைக்கு மருந்தாக உண்பதும் இதனால் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. எடைக்குறைப்போ பெரும்பாலும் மிதமாகவே இருக்கிறது. எடைக்கல்லை நாள்தோறும் மிதிப்பதைவிட மாதம் ஒரு முறை இடுப்பைச் சுற்றி நாடா வைத்துப் பாருங்கள். நம் நாட்டவருக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது மருத்துவர்கள் சொல்லும் எல்லை.

நோயாளியின் நிலை வேறு. நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த அலீ (ரலி) அவர்களைப் பேரீச்சம்பழம் உண்ண வேண்டாமென்று தடுத்த நபி (ஸல்) அவர்கள், உம்முல் முன்திர் (ரலி) சமைத்த வாற்கோதுமையும் கீரையும் கலந்த உணவை உண்ணச் சொன்னார்கள். ஆகவே மருத்துவர் விதிக்கும் பத்தியமும் சுன்னத்துக்கு உட்பட்டதே. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் தாமாகக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழ்ந்துவிடக் கூடும். அவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே கரண்டியைக் குறைக்க வேண்டும்.