எட்டுப் பையன்கள்

பள்ளிக்கூட நாடகம் ஒன்றைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் தேடுவது ஆசிரியர் வேடத்துக்கு ஆள். நல்ல குரல், மேடையை நிறைக்கும் உருவம், நீண்ட வசனத்தை மூச்சு விடாமல் சொல்லும் பயிற்சி எல்லாம் உள்ள மூத்த நடிகர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். மாணவர்களாக உட்காரக் கல்லூரிப் பிள்ளைகள் கடைசி வாரத்தில் வந்து சேருகிறார்கள். ஆலன் பென்னெட்டின் 'தி ஹிஸ்டரி பாய்ஸ்' நாடகத்தை எடுக்க விரும்பும் குழுக்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: அந்தக் கடைசி வாரப் பிள்ளைகளை முதல் நாளே கூப்பிடுங்கள். இந்த நாடகத்தைத் தாங்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

2004 மே மாதம் லண்டன் நேஷனல் தியேட்டரின் லிட்டல்டன் அரங்கில், நிக்கலஸ் ஹைட்னர் இயக்கத்தில் இது முதன்முதலாக மேடையேறியது. களம் 1980களின் ஷெஃபீல்டு, ஆண்கள் பள்ளி ஒன்று. ஏ-லெவல் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்ட எட்டுப் பையன்கள் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் நுழைவுத் தேர்வுக்காக ஒரு பருவம் கூடுதலாகப் பள்ளியில் தங்குகிறார்கள். தலைமை ஆசிரியருக்குத் தரவரிசையில் தன் பள்ளியின் பெயர் ஏற வேண்டும். அதற்காக இர்வின் என்ற இளம் ஆசிரியரைத் தற்காலிகமாக அமர்த்துகிறார். ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் இருவர். பையன்களுக்கு அந்த மதிப்பெண்ணையே வாங்கிக் கொடுத்த வரலாற்று ஆசிரியை மிஸஸ் லிண்டாட் ஒருவர். கவிதை, பழைய சினிமா, பாட்டு எனத் தேர்வுக்கு எட்டாததையெல்லாம் வகுப்புக்குள் கொண்டுவரும் முதிய ஆசிரியர் ஹெக்டர் இன்னொருவர். ஹெக்டர் தன் வகுப்பின் கதவை உள்ளிருந்து பூட்டிவிடுவார். அந்தச் சாவி திரும்பும் ஓசை பார்வையாளருக்குக் கேட்க வேண்டும். முதலில் அது குதூகலமாகக் கேட்கும். கதை நகர நகர அதே ஓசையின் பொருள் மாறும்.

ஆசிரியரை நாயகராக்கும் மரபு ஆங்கில மேடைக்குப் புதிதல்ல. வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமத்துப் பையன் ஒருவனை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பப் பாடுபடும் ஆசிரியையைப் பற்றி எம்லின் வில்லியம்ஸ் எழுதிய 'தி கார்ன் இஸ் கிரீன்' 1938இல் வந்தது. அந்தப் பையனாக வில்லியம்ஸே நடித்தார். ஆனாலும் அந்த நாடகம் இன்றுவரை ஆசிரியை வேடத்துக்காகவே பேசப்படுகிறது. பென்னெட் இந்த வழக்கத்தை மாற்றியது எண்ணிக்கையால். ஒரு பையன் இருந்தால் அவன் ஆசிரியரின் நிழல். எட்டுப் பேர் இருந்தால் வகுப்புக்கென்று தனி அறிவு வந்துவிடும். அது ஆசிரியரை எடைபோடும், கேலி செய்யும், காப்பாற்றும், சில வேளை மிரட்டவும் செய்யும்.

தேர்வு எப்படிப்பட்டது என்பதை நடிகர்கள் புரிந்துகொள்ளாவிட்டால் இந்த நாடகம் பிடிபடாது. அது கட்டுரையும் நேர்காணலும் கொண்டது. திருத்துகிறவர் சலிப்போடு நூறாவது தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். அவரை நிமிர்ந்து உட்கார வைப்பவனுக்கு இடம். இர்வின் கற்றுத்தரும் வித்தை இதுதான்: எல்லோரும் சரி என்று சொல்வதைத் தலைகீழாகப் பிடி, யாரும் நுழையாத வாசலைத் தேடி நுழை. பென்னெட்டுக்கு இது சொந்த அனுபவம். லீட்ஸ் நகரத்து இறைச்சிக் கடைக்காரரின் மகனாக 1934இல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸ்டர் கல்லூரியில் வரலாறு படித்தார். தான் தேர்வில் தேறிய விதத்தை நூல் வடிவத்தின் முன்னுரையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். கேள்விக்கேற்ற விடைகளையும் கண்ணைப் பறிக்கும் மேற்கோள்களையும் அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டு போனாராம். அதாவது எழுதிய கைக்கு இர்வினின் வித்தை நன்றாகவே தெரியும். ஆகவே இர்வினை வில்லனாக்கும் இயக்குநர் பிரதியைச் சரியாகப் படிக்கவில்லை என்றே சொல்வேன். இர்வின் சொல்லித்தருவது பலிக்கிறது. எட்டுப் பேருக்கும் இடம் கிடைக்கிறது. அந்த வகுப்புகளில் பையன்களின் மூளை வேகம் பிடிப்பதைப் பார்த்து நமக்கே உற்சாகம் வர வேண்டும்.

இந்தக் கதையை நம் ஊர் நீட் பயிற்சி மையத்துக்கு மாற்றினால் என்ன என்ற யோசனை நாடகக்காரர்களுக்கு எளிதில் தோன்றும். வேண்டாம் என்பது என் கருத்து. நீட் 180 கேள்விகள், 720 மதிப்பெண், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேர்வு. அங்கே இர்வினுக்கு வேலையே இல்லை. எதிர்ப்பக்கம் நின்று வாதாடுகிறவனுக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். கட்டுரைக்கு 250, ஆளுமைத் தேர்வுக்கு 275 என்று மதிப்பெண் ஒதுக்கும் குடிமைப் பணித் தேர்வு ஓரளவு நெருங்கி வரும். ஆனால் அதை எழுதுகிறவர்கள் வளர்ந்தவர்கள். ஹெக்டருக்கும் பையன்களுக்கும் நடுவே உள்ள வயது இடைவெளிதான் நாடகத்தின் முள். அதைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது வசன சாமர்த்தியம் மட்டுமே. ஷெஃபீல்டு ஷெஃபீல்டாகவே இருக்கட்டும்.

இனி ஒத்திகைக்கு வருவோம். முதலில் நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது பிரெஞ்சு வகுப்பு. வினைச்சொல் வடிவங்களைப் பழக்குவதற்காக ஹெக்டர் பையன்களை ஒரு விபசார விடுதியை நடித்துக்காட்ட விட்டிருக்கிறார். வாடிக்கையாளனாக வந்த டேகின் கால்சட்டையைக் கழற்றியிருக்கும் நேரத்தில் தலைமை ஆசிரியர் இர்வினோடு உள்ளே நுழைகிறார். வகுப்பில் பிரெஞ்சு தவிர வேறு மொழி கூடாது என்பது ஹெக்டரின் சட்டம். கண்ணிமைக்கும் நேரத்தில் அந்த விடுதி முதல் உலகப் போரின் ராணுவ மருத்துவமனையாகிறது. டேகின் காயம்பட்ட வீரன். மற்றவர்கள் கட்டிலைச் சூழ்ந்த செவிலியர், மருத்துவர், முனகும் நோயாளிகள். தலைமை ஆசிரியர் அரைகுறை பிரெஞ்சில் தடுமாறுகிறார். இர்வினோ, அந்த வீரன் குண்டு அதிர்ச்சியில் இருக்கலாம் என்று அழகான பிரெஞ்சில் ஒரு சொல்லைக் கொடுத்து ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறார்.

அந்த ஒரு சொல் விழும்போது எட்டு முகங்களும் என்ன செய்கின்றன என்பதில்தான் இந்தக் காட்சி இருக்கிறது. புதிதாக வந்தவனுக்கு ஆட்டம் தெரியும் என்று அவர்களுக்குப் பட்டுவிட்டது. ஹெக்டருக்கும் பட்டுவிட்டது. சிரிப்புக்காக இதை ஓட்டிவிட்டால் அந்தப் பார்வைப் பரிமாற்றம் தொலைந்துபோகும். மொழியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். லண்டன் பார்வையாளருக்கும் இது பிரெஞ்சில்தான் போனது, மொழிபெயர்ப்பு கிடையாது. தமிழில் செய்தாலும் பிரெஞ்சாகவே விடுங்கள். சொல்லிக்கொடுக்கப் புதுச்சேரியில் ஆள் இருக்கிறார்கள்.

முதல் பகுதியின் கடைசியில் வரும் கவிதை வகுப்பு இதற்கு நேர் எதிர். கூட்டம் இல்லை. ஹெக்டரும், எட்டுப் பேரில் ஒருவனான போஸ்னரும் மட்டும். போயர் போரில் தென்னாப்பிரிக்காவில் செத்து, பெட்டிகூட இல்லாமல் குழியில் போடப்பட்ட இளம் முரசு வீரனைப் பற்றித் தாமஸ் ஹார்டி எழுதிய கவிதையைப் போஸ்னர் ஒப்பிக்கிறான். சற்று முன்னால்தான் தலைமை ஆசிரியர் ஹெக்டரைக் கூப்பிட்டு வேலையை விட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். அது பையனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஹெக்டர் கவிதையின் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது எப்படி மறுப்பினாலேயே ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறது என்று விளக்குகிறார். வாசிப்பு தரும் துணையைப் பற்றிப் பேசிக்கொண்டே கையை நீட்டுகிறார். போஸ்னர் அதைப் பற்றிக்கொள்வான் போலிருக்கிறது. அந்த நொடி கடந்துவிடுகிறது.

இங்கே போஸ்னராக நடிப்பவர் செய்யக்கூடிய பெரிய தவறு, நெகிழ்வது. அவனுக்குக் கவிதை பிடித்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்க இன்னும் கேள்விகள் இருக்கின்றன. எதிரே இருப்பவர் உடைந்துபோயிருக்கிறார் என்று அவனுக்குத் தோன்றத் தொடங்கினாலும் அவன் பாடத்தை விடுவதில்லை. பாடத்தின் மேல் வைத்த கவனம் கலையாமல் இருந்தால் போதும், பார்வையாளரின் கண் தானாகக் கலங்கும். 2004 தயாரிப்பில் சாமுவேல் பார்னெட் போஸ்னராகவும் ரிச்சர்ட் கிரிஃபித்ஸ் ஹெக்டராகவும் நடித்தார்கள். அதே எட்டு நடிகர்கள் மேடையிலும், அடுத்து எடுத்த திரைப்படத்திலும், 2006இல் நியூயார்க் பிராட்வேயிலும் தொடர்ந்தார்கள். பிராட்வேயில் ஆறு டோனி விருதுகள் கிடைத்தன, கிரிஃபித்ஸுக்கும் ஒன்று. விருது மூத்தவர்களுக்குப் போவது இயல்பு. ஆனால் இத்தனை காலம் ஒன்றாக நடித்த எட்டுப் பேர் ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்கியிருந்த விதம்தான் அந்தத் தயாரிப்பின் அடித்தளம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திரைப்படத்தில் பேசுகிறவனை விட்டுவிட்டு, அடுத்த மேசையில் இருப்பவனைக் கவனியுங்கள், தெரியும்.

இரண்டாம் பகுதியில் ஹெக்டரும் இர்வினும் ஒரே அறையில் சேர்ந்து எடுக்கும் பாடம் யூத இனப்படுகொலை பற்றியது. அதைத் தேர்வுத் தாளில் எப்படி எழுதுவது, எழுதவே கூடுமா என்று விவாதம் போகிறது. எதையும் அதன் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிற இர்வினின் பாடத்தைப் பையன்கள் அதுவரை ரசித்துக் கற்றிருக்கிறார்கள். இங்கே யூதனான போஸ்னர், தன் உறவினர்கள் அந்த முகாம்களில் செத்தவர்கள் என்பதை நினைவூட்டி அந்த வித்தைக்கு எதிராக நிற்கிறான். சாமர்த்தியத்தை விரும்பிய மற்ற ஏழு பேரும் அந்த வேளையில் என்ன செய்கிறார்கள்? பிரதியில் சிலருக்கு வசனம் உண்டு, சிலருக்கு இல்லை. வசனம் இல்லாதவர்களிடமிருந்து ஒத்திகையைத் தொடங்குங்கள். எழுதப்படாத பதில்களை நடிகர்களே கண்டுபிடித்தாக வேண்டும்.

இப்போது ஹெக்டரின் மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். ஹெக்டர் பையன்களை முறைவைத்து அதில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விடுவார். போகும் வழியில் அவர்களைத் தொடுவார். பையன்கள் இதை வேடிக்கைபோலப் பேசிச் சமாளிக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் தலைமை ஆசிரியர், பிடிக்காத ஆசிரியரைச் சத்தமில்லாமல் வெளியேற்றக் கிடைத்த வாய்ப்பாகவே அதைப் பார்க்கிறார். அவரே தன் செயலாளரான பெண்ணிடம் கை நீட்டுகிறவர். அதை வைத்து டேகின் அவரை மிரட்டி ஹெக்டரின் வேலையைத் திருப்பி வாங்கித் தருகிறான். மூன்று தவறுகள் ஒன்றோடொன்று பேரம் பேசிச் சரிக்கட்டிக்கொள்கின்றன. அந்தப் பெண்ணைக் கேட்டவர் யாருமில்லை.

2004இல் இதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். 2012இல் பிபிசி நட்சத்திரமாக இருந்த ஜிம்மி சாவிலின் பாலியல் குற்றங்கள் வெளிவந்த பிறகு பிரிட்டனில் அந்தச் சிரிப்பு அத்தனை எளிதாக வரவில்லை. நம் நாட்டில் போக்சோ சட்டம் வந்ததும் அதே 2012இல்தான். நம் பார்வையாளர்களில் பெற்றோர்கள் இருப்பார்கள், ஆசிரியர்கள் இருப்பார்கள், அடிபட்ட குழந்தையாக இருந்து வளர்ந்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் முன்னால் ஹெக்டரின் கையை ஒரு மேதையின் சிறு பலவீனமாகக் காட்டி நகர நமக்கு உரிமை இல்லை. அதற்காக அவரைக் கொடூரனாக்கி முதல் காட்சியிலேயே தள்ளி வைப்பதும் பொய். நல்ல ஆசிரியர் என்று மனமாரச் சொல்லக்கூடியவரே இதைச் செய்கிறார் என்பதுதான் தாங்க முடியாத இடம்.

இதற்கும் வழி பையன்களிடமே இருக்கிறது. இன்று யார் என்று ஹெக்டர் கேட்கும்போது தலைக்கவசத்தை எடுப்பவன் எத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறான்? மற்றவர்கள் புத்தகத்தைப் பைக்குள் வைப்பதில் ஏன் அவ்வளவு மும்முரமாகிறார்கள்? தன்னை ஒருபோதும் கூப்பிடுவதில்லை என்று போஸ்னர் வருந்துகிறானே, அந்த வருத்தத்தைச் சிரிப்புக்கு விட்டுவிடாமல் எப்படிச் சொல்லவைப்பது? வசனத்தில் வேடிக்கையாகப் பேசட்டும், உடம்பு வேறொன்றைச் சொல்லட்டும். ஒரு வசனத்தைக்கூட மாற்றத் தேவையில்லை. ஒத்திகையில் இளம் நடிகர்களிடம் இந்தக் காட்சிகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதும், யார் யாரை எங்கே தொடலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைப்பதும் இயக்குநரின் கடமை. நாடகம் கண்டிக்கும் ஒன்றை ஒத்திகை அறையில் நாமே செய்துவிடக் கூடாது.

மிஸஸ் லிண்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெகுநேரம் அடுத்தவர் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேடம் அது. பின்னால்தான் தன் மனத்தைத் திறந்து, ஆண்கள் செய்த குளறுபடிகளுக்குப் பின்னால் வாளியோடு நின்ற பெண்களின் வரலாற்றைப் பேசுகிறார். லண்டனிலும் நியூயார்க்கிலும் ஃபிரான்சஸ் டி லா டூர் நடித்தார். கேட்கத் தெரிந்த நடிகை வேண்டும், இருப்பதிலேயே மூத்தவரைக் கேளுங்கள்.

அரங்க அமைப்பில் 1980களைக் குவிக்க வேண்டாம். ஷெஃபீல்டில் நாடகத்தில் வருவது போன்ற, தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் பள்ளிகள் 1969லேயே பொதுப் பள்ளிகளாக மாறத் தொடங்கிவிட்டன. ஹெக்டரின் பாட்டும் சினிமாவும் பென்னெட்டின் இளமைக் காலத்தைச் சேர்ந்தவை. காலம் கொஞ்சம் கலங்கியே இருக்கும் நாடகம் இது. நாற்காலிகள், ஒரு கதவு, ஒரு பியானோ போதும். எட்டுப் பையன்களில் ஒருவனான ஸ்கிரிப்ஸின் வேடத்துக்கு உண்மையில் பியானோ வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். போஸ்னருக்குப் பாட வர வேண்டும்.

கடைசியாக ஒரு முடிவை ஒத்திகையின் முதல் வாரத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. மோட்டார் சைக்கிள் விபத்தில் ஹெக்டர் இறந்த பிறகு, பையன்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லப்படுகிறது. வரி வழக்கறிஞர், கட்டடம் கட்டுபவர், பத்திரிகையாளர், தலைமை ஆசிரியர். மேடைப் பிரதியில் போஸ்னர் நொறுங்கிப்போய், யாரோடும் சேராமல் தனியாக வாழ்கிறான். திரைப்படத்தில் அவன் ஆசிரியராகிறான். இரண்டையும் எழுதியவர் பென்னெட்தான். தயாரிப்புக்கு உரிமை வாங்குவது மேடைப் பிரதிக்கு என்பதால் நாம் செய்யப்போவது முதலாவது. படத்தைப் பார்த்துவிட்டு வரும் நடிகர் இரண்டாவதை மனத்தில் வைத்துக்கொண்டு நடிப்பார், போஸ்னரைத் தொடக்கத்திலிருந்தே தேறிவிடப் போகிறவனாகக் காட்டுவார். முதல் வாசிப்பு முடிந்ததும் அவரிடம் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டிவிடுங்கள். மற்ற ஏழு பேரையும் கூட இருக்கச் சொல்லுங்கள். போஸ்னரின் அந்த முடிவு சொல்லப்படும்போது மேடையில் அதைக் கேட்கப்போகிறவர்கள் அவர்கள்.