பழைய காருக்கும் கேஸ் ஷீட் வேணும்

நைட் டூட்டி முடிஞ்சு வந்ததும் நான் பார்க்கிறது, பழைய அமெரிக்க மஸில் கார்களைப் புதுப்பிக்கிற வீடியோக்கள். அதுல ஒரு விஷயம் உறுத்துது. சின்ன இழை.

1/ 1969 காமரோ மாதிரி கார்களில் வந்தது மன்சி கியர்பாக்ஸ். இந்தியானா மாநிலம் மன்சி நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்தது. எம்20, எம்21, எம்22 என மூன்று வகை. எம்22-ல் கியர் பற்களின் சாய்வு குறைவு. பலம் அதிகம், சத்தமும் அதிகம். அதனாலேயே 'ராக் கிரஷர்'னு பேர்.

2/ பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், பழைய இன்புட் ஷாஃப்டில் 10 ஸ்ப்ளைன், பின்னாடி வந்ததில் 26. மாத்தி வாங்கினா பழைய கிளட்ச் பிளேட் பொருந்தாது.

3/ வார்ப்பு எண், தயாரிப்புத் தேதி, காரின் அடையாள எண்ணில் ஒரு பகுதி. இதெல்லாம் பாக்ஸ் மேலயே இருக்கும். எல்லாம் ஒத்துப்போனா கார் விலை எகிறும். அதனால சிலர் வேற பாக்ஸை வாங்கி, எண்ணைத் தேய்ச்சு அழிச்சுட்டு, புது எண் குத்துறாங்க.

4/ இது ரிப்பேர் இல்லைங்க, மோசடி. இடுப்பு மூட்டு மாத்தினா, இம்ப்ளான்ட் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம். பிற்பாடு பார்க்கிற டாக்டருக்கு உண்மை தெரியணுமே! செயற்கை மூட்டு அவமானம் இல்லை. கேஸ் ஷீட்டில் பொய் எழுதுறதுதான் அவமானம்.

5/ அதே காலத்து பாக்ஸைத் தேடுங்க, தப்பில்லை. தேய்ஞ்ச பேரிங், சிங்க்ரோ ரிங்கைப் புதுசா போடுங்க. கிடைக்கலைன்னா 'ஒரிஜினல் இல்லை'ன்னு எழுதி, பில்லோடு வையுங்க.

விலை கொஞ்சம் குறையும். வாங்குறவர் ஏமாற மாட்டார்.