பேருருவமும் பேரன்பும்

பெரியவற்றைக் கண்டு வியத்தல் மக்களுக்கு இயல்பு. திருவண்ணாமலைக்குச் செல்வோர் தொலைவிலேயே வானளாவிய மலையைக் காண்கின்றனர். ஊரை அணுகியதும் 217 அடி உயரமுள்ள இராசகோபுரத்தைக் கண்டு அண்ணாந்து நிற்கின்றனர். மலையும் கோபுரமும் நம் வியப்பினால் துன்புறுவதில்லை. எத்தனை ஆயிரம் கண்கள் நோக்கினும் அவை நோக்கியவாறே நிற்கும். ஆனால், நாம் வியந்து நோக்கும் பொருள் உயிருடையதாயின் என் செய்வது? அதற்குப் பசியுண்டு, அச்சமுண்டு, தனிமைத் துயரும் உண்டு. ஆகவே, அங்கே நம் வியப்போடு கடமையும் பிறந்துவிடுகின்றது.

அண்ணாமலையார் கோயிலில் ருக்கு என்னும் பெண் யானை ஒன்று இருந்தது. 1995-ஆம் ஆண்டில், இளங்கன்றாக அது அக்கோயிலுக்கு வந்தது. விழாக்களில் அது முன்னே நடந்து வரும் அழகைக் காண மக்கள் திரண்டனர். ஊரில் அதன் பெயரை அறியாத சிறுவர் இலர். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஓர் இரவு, நாய்கள் தம்முள் சண்டையிட்டன. அவ்வோசை கேட்டு மிரண்ட யானை ஓடி, இரும்புத் தடுப்பில் மோதிக் காயமுற்றது. பொழுது புலருமுன் உயிர் நீத்தது. அப்போது அதற்கு வயது ஏறக்குறைய முப்பது. யானைகள் அறுபது ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியவை. ஊரே திரண்டு வந்து கண்ணீர் வடித்தது.

அக்கண்ணீர் பொய்யன்று. புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, 2022 நவம்பர் 30-ஆம் நாள் காலையில் நடந்து செல்லும்போதே வீழ்ந்து இறந்தது. அங்கும் பல்லாயிரவர் கூடி அழுதனர். எனினும், ஒரு வினா எழுகின்றது. உயிர் பிரிந்த பின் நாம் சொரியும் அன்பில் ஒரு பகுதியையேனும் உயிரோடிருந்தபோது முறையாகச் செலுத்தினோமா?

யானையின் இயல்பை எண்ணிப் பாருங்கள். காட்டில் அது கூட்டமாக வாழும் விலங்கு. மூத்த பெண் யானையே அக்கூட்டத்திற்குத் தலைவி. பெண் கன்று தன் வாழ்நாள் முழுவதும் தாயையும் உறவையும் பிரிவதில்லை. நாளொன்றுக்கு நூறு கிலோவிற்கு மிகுதியான தழையும் புல்லும் தின்று, நெடுந்தொலைவு நடந்து, நீரிலும் சேற்றிலும் திளைப்பது அதன் வழக்கம். அத்தகைய உயிரைத் தனியே கற்றளத்தில் நிறுத்தி, காலில் சங்கிலி பூட்டி, காசை நீட்டி ஆசி பெறுகின்றோம். உருவம் பெரிதாதலின் அதன் துன்பம் நம் கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றுகின்றது போலும்!

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய குறையன்று. இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் சம்போ என்னும் ஆப்பிரிக்க யானை இருந்தது. குழந்தைகள் அதன் முதுகிலேறி மகிழ்ந்தனர். 1882-ஆம் ஆண்டில் அதனை அமெரிக்க வட்டரங்குக் காட்சியாளர் ஒருவருக்கு விற்றனர். மக்கள் வருந்தினர்; விற்பனை நிற்கவில்லை. மூன்றாண்டுகளில், கனடா நாட்டில், இருப்புப்பாதையில் வண்டி மோதி அது இறந்தது. இறந்த பின்னும் அதற்கு ஓய்வில்லை. தோலையும் எலும்பையும் தனித்தனியே காட்சிப்பொருளாக்கிப் பணம் ஈட்டினர். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் பழமொழி. அது யானையின் விலையைக் கூறுகின்றது. யானையின் வலியைக் கூறவில்லை.

கோயிலில் யானை நிற்பது பழைய மரபாயிற்றே என்று சிலர் கூறுவர். யானையைக் கண்டு வளரும் குழந்தைகள் உயிர்களிடத்து அன்பு கொள்வர் என்றும் கூறுவர். இரண்டும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்ந்து, அதனைப் பிள்ளைபோல் பேணும் பாகர்களும் உள்ளனர். ஆயினும், மரபின் உயிர் அன்பிலே உள்ளது, சங்கிலியில் இல்லை. கோயில் யானைகளுக்கு ஓய்வளிக்க 2003-ஆம் ஆண்டில் முதுமலையில் நலவாழ்வு முகாம் தொடங்கப்பெற்றது. அம்முகாமே யானைக்குக் காடும் துணையும் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டதன் அடையாளமன்றோ? கேரளத்தில் ஒரு கோயில், 2023-ஆம் ஆண்டில், விழாவிற்கென இயந்திர யானையை ஏற்றது. அதனால் வழிபாடு குறைந்துவிடவில்லை.

அன்பு பெறுவதற்குப் பேருருவம் வேண்டுவதில்லை என்பதற்கும் திருவண்ணாமலையே சான்று. இரமணாசிரமத்தில் லட்சுமி என்னும் பசு வாழ்ந்தது. 1948-ஆம் ஆண்டில் அது இறந்தபோது, ஆசிரமத்திலேயே அதற்குச் சமாதி அமைத்தனர். அதனைக் காட்சிப்பொருளாக எவரும் நிறுத்தவில்லை. உடன் வாழும் உயிராக நடத்தினர். புகழ் அதனால் வந்தது.

மாணவர்களே! இப்போது கோயில்களில் உள்ள யானைகளை நன்கு பேணுதல் நம் கடன். அவற்றிற்குப் பரந்த இடமும், மண் தரையும், நீர்நிலையும், துணையும் வேண்டும் என்று கேளுங்கள். அவற்றின் அருகே கூச்சலிடாதீர்கள். கண்ட பண்டங்களை ஊட்டாதீர்கள். புதிய கன்றைத் தாயிடமிருந்து பிரித்துக் கொணர்தல் இனி வேண்டா என்று துணிந்து கூறுங்கள். பெரிய உயிரைக் கண்டு கைதட்டுவது எளிது. அது நம்மை விட்டு விலகி, தன் கூட்டத்தோடு காட்டில் மறைந்து வாழ்வதை எண்ணி மகிழ்வதே அரிது. அவ்வரிய மகிழ்ச்சியைப் பெற்றவரே பெரியவற்றைப் போற்றத் தெரிந்தவர்.